777 எனும் டெக்ஸா ஊசி

நீண்ட பதிவு. கம்ப்யூட்டர் சமாச்சாரம் என்று பாதியில் ஓடிவிடாதீர்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது ஏதாவது ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால் இது உங்களுக்கான பதிவுதான்.

முதலில் ஒரு கேள்வி. ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் வேலை செய்யாமல் நிற்பது ஆபத்தா, தப்பாக வேலை செய்வது ஆபத்தா?

"சர்வர் டவுன் சார், மதியம் வாங்க" என்பது நமக்குப் பழகிய வசனம். பேங்கில் கேட்டிருப்பீர்கள், ரேஷன் கடையில் கேட்டிருப்பீர்கள், தாலுகா ஆபீஸில் கேட்டிருப்பீர்கள். எரிச்சல் வரும். ஆனால் யாரும் ஏமாறுவதில்லை. கம்ப்யூட்டர் இல்லையென்றால் டாக்டர் பேப்பரில் எழுதுவார், "வேற எதுவும் மருந்து சாப்பிடுதியளா? ஊசி எதுவும் சேராதா?" என்று வாயால் கேட்பார். நான் சொல்லப்போவது இரண்டாவது வகை. எல்லாம் ஓடுகிறது, திரை பளிச்சென்று இருக்கிறது, பேரைத் தட்டினால் விவரம் வருகிறது. அந்த விவரம் மூன்று வருடம் பழையது. அது யாருக்கும் தெரியாது.

இடம் வீரகேரளம்புதூர். தென்காசி மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்கு: சுரண்டைக்குப் பக்கத்தில், ஒரு தாலுகாவின் தலைமை ஊர். காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியாரை ஆதரித்த ஊற்றுமலை ஜமீனின் ஊர். இவ்வளவு பெரிய பேரை யாரும் முழுசாகச் சொல்வதில்லை, வீ.கே.புதூர்தான். இந்தப் பேர் பின்னால் கதைக்குள் வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே என் காலேஜ் ஜூனியர் ஒருவர் கிளினிக் வைத்திருக்கிறார். நான்கு கம்ப்யூட்டர், ஒரு சர்வர். சர்வர் என்றதும் ஏசி ரூமைக் கற்பனை செய்யாதீர்கள். மருந்து ஸ்டோருக்குப் பின்னால், குளுக்கோஸ் பெட்டிகளுக்கு நடுவே நிற்கும் ஒரு சாதாரண பெட்டிதான். அதில் உபுண்டு லினக்ஸ், அதன்மேல் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ். நோயாளி பேர், ஓ.பி. நம்பர், எடை, பிரஷர், சர்க்கரை, ஒவ்வாமை எல்லாம் அதில்தான்.

2021 பிப்ரவரியில் அந்தப் பெட்டியின் டிஸ்க் நிரம்பிவிட்டது. ஸ்கேன் படத்தையும் டேட்டாபேஸுக்குள்ளேயே திணிக்கிற சாஃப்ட்வேர், நிரம்பாமல் என்ன செய்யும்? அப்போது சர்வீஸுக்கு வந்தவர் இரண்டாவதாக ஒரு பெரிய டிஸ்க் போட்டு, டேட்டா முழுவதையும் அங்கே காப்பி செய்து, மைஎஸ்க்யூஎல்-லின் கான்ஃபிக் ஃபைலில் "இனிமேல் டேட்டா இருக்கும் இடம் இது" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போனார். சரியான வேலைதான். பழைய இடத்தில் இருந்ததை மட்டும் அழிக்காமல் அப்படியே விட்டுவிட்டார். அதையும் குறை சொல்ல முடியாது, ஒரு காப்பி இருக்கட்டுமே என்று யாரும் நினைப்பதுதான்.

போன சீசனுக்கு வருவோம். ஜூலை மாதம், திங்கட்கிழமை. குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிற நேரம், சொந்தபந்தம் எல்லாம் ஊருக்கு வந்திருக்கும். அதோடு சாரல் காலத்துக் காய்ச்சலும் சளியும். கிளினிக்கில் நிற்க இடமில்லை. பதினோரு மணிவாக்கில் எல்லாத் திரையிலும் ஒரே செய்தி: இணைப்புகள் அதிகமாகிவிட்டன, இதற்குமேல் முடியாது.

இது அங்கே புதிதல்ல. இரண்டு வாரமாக அடிக்கடி வருவது, சர்வரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் போய்விடுவது. அன்றைக்கு ஜூனியர் பொறுமையிழந்து, பக்கத்து ஊரிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ்காரரை வரச் சொல்லிவிட்டார்.

மைஎஸ்க்யூஎல் ஒரே நேரத்தில் எத்தனை இணைப்புகளை ஏற்கும் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. நாம் எதுவும் மாற்றாவிட்டால் அது 151. நான்கு கம்ப்யூட்டர் உள்ள கிளினிக்குக்கு 151 எதற்கு? இருபது போதும். அப்படியானால் ஏன் நிரம்புகிறது? சாஃப்ட்வேர் ஒவ்வொரு திரையைத் திறக்கும்போதும் ஒரு இணைப்பு எடுக்கிறது, வேலை முடிந்ததும் மூடுவதில்லை. எடுத்ததெல்லாம் தூங்கிக்கொண்டே இருக்கிறது. சும்மா இருக்கும் இணைப்பைத் தானே வெட்டிவிட மைஎஸ்க்யூஎல் எடுத்துக்கொள்ளும் நேரம் 28,800 விநாடி, அதாவது எட்டு மணி நேரம். கிளினிக்கோ அவ்வளவு நேரம்தான் திறந்திருக்கும். கூட்டம் குறைந்த நாளில் 151-ஐ எட்டுவதற்குள் கடையடைத்துவிடுவார்கள். சீசனில் பதினோரு மணிக்கே எட்டிவிடும்.

ஆக நோய் சாஃப்ட்வேரில். வரம்பு என்பது வெறும் காய்ச்சல்.

வந்தவர் காய்ச்சலுக்கு வைத்தியம் பார்த்தார். 151-ஐ 1000 ஆக்கிவிடலாம் என்று கான்ஃபிக் ஃபைலைத் திறந்தார். மாற்றினார். சேமிக்கப் போனால் "இது வாசிக்க மட்டும்" என்று மறுத்துவிட்டது. லினக்ஸில் இந்த மாதிரி ஃபைல்களை நிர்வாகியாகத் திறந்தால்தான் மாற்ற முடியும். அவர் சாதாரணப் பயனராகத் திறந்திருக்கிறார். மூடிவிட்டு சூடோ போட்டு மறுபடி திறந்திருந்தால் அரை நிமிஷ வேலை. அதற்குப் பதில் அவர் செய்தது சிஹெச்மாட் 777.

இந்த 777 என்னவென்று தெரியாதவர்களுக்கு. யூனிக்ஸ் வகை சிஸ்டங்களில் ஒவ்வொரு ஃபைலுக்கும் மூன்று தரப்பு: சொந்தக்காரர், அவருடைய குழு, மற்ற எல்லாரும். ஒவ்வொரு தரப்புக்கும் வாசிக்க 4, எழுத 2, இயக்க 1. கூட்டிக்கொள்ளுங்கள். 644 என்றால் சொந்தக்காரர் வாசிக்கலாம், எழுதலாம், மற்றவர்கள் வாசிக்க மட்டும். கேஸ் ஷீட் மாதிரி: பார்க்கிற டாக்டர் எழுதுவார், மற்ற ஸ்டாஃப் பார்த்துக்கொள்ளலாம். 777 என்றால் கேஸ் ஷீட்டை பஸ் ஸ்டாண்டில் பேனாவோடு தொங்கவிடுவது. யார் வேண்டுமானாலும் எதையும் எழுதலாம்.

எங்கள் பக்கம் (எல்லாப் பக்கமும்தான்) காய்ச்சல் என்று போனால் டெக்ஸாமெத்தசோன் ஊசி போடுகிற பழக்கம் உண்டு. ஒரு மணி நேரத்தில் உடம்பு லேசாகிவிடும், "அந்த டாக்டர் கைராசி" என்பார்கள். உள்ளே டைஃபாய்டு அது பாட்டுக்கு வளரும். ஸ்டீராய்டு அருமையான மருந்து, தேவையான இடத்தில் உயிர் காக்கும். காரணம் தெரியாமல் போடுவதுதான் பிரச்சினை. லினக்ஸ் உலகத்தின் டெக்ஸா ஊசி 777. எதற்கு மறுக்கிறது என்று யோசிக்காமல், மறுப்பையே இல்லாமல் ஆக்குவது. இணையத்தில் தேடினால் பத்தில் ஐந்து பேர் இதைத்தான் போடச் சொல்லியிருப்பார்கள்.

சேமித்தார். மைஎஸ்க்யூஎல்-லை ரீஸ்டார்ட் செய்தார். இணைப்புப் பிரச்சினை போயே போய்விட்டது! காசு வாங்கிக்கொண்டு கிளம்பினார். பிரச்சினை போனது ரீஸ்டார்ட்டால். ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாலும் அதேதான் நடந்திருக்கும்.

உள்ளே நடந்தது வேறு. மைஎஸ்க்யூஎல்-லில் ஒரு பாதுகாப்பு விதி இருக்கிறது. எல்லாரும் எழுதக்கூடிய நிலையில் இருக்கும் கான்ஃபிக் ஃபைலை அது நம்பாது. யார் வேண்டுமானாலும் எழுதிய சீட்டுக்கு மெடிக்கல் ஷாப்காரர் மருந்து தரமாட்டார் இல்லையா, அந்த நியாயம். நல்ல விதிதான். ஆனால் என் கட்சி என்னவென்றால், ஷாப்காரர் "இந்தச் சீட்டு செல்லாது" என்று சத்தமாகச் சொல்லிக் கடையை மூட வேண்டும். மைஎஸ்க்யூஎல் அப்படிச் செய்யாது. மூலையில் ஒரே ஒரு வரி எச்சரிக்கை எழுதிவிட்டு, சீட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, தன்னிடம் இருக்கிற வழக்கமான மருந்தைக் கொடுத்து அனுப்பிவிடும். இதை வடிவமைத்தவர்கள் ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும்படி செய்திருந்தால் இந்தப் பதிவே தேவைப்பட்டிருக்காது.

ஃபைல் செல்லாது என்றால், அதில் எழுதியிருந்த டேட்டா இருக்கும் இடமும் செல்லாது. மைஎஸ்க்யூஎல் தன் பிறவி இடத்துக்குப் போனது. அங்கே 2021 பிப்ரவரி காப்பி பத்திரமாக உட்கார்ந்திருந்தது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு ஜம்மென்று ஓட ஆரம்பித்துவிட்டது.

யாருக்கும் தெரியவில்லையா என்று கேட்பீர்கள். தடயங்கள் இருந்தன. பின்னால் யோசித்தால் எல்லாமே கண்முன் இருந்தது. புதுச் சீட்டு போட்டால் ஓ.பி. நம்பர் 31 ஆயிரத்துச் சொச்சம் வரவேண்டும், 14 ஆயிரத்துச் சொச்சம் வந்தது. கூட்டத்தில் நம்பரை யார் பார்க்கிறார்கள்? பழைய நோயாளிகள் சிலரைத் தேடினால் கிடைக்கவில்லை. "பழசைக் காணோம், புதுசாப் போட்டுருங்க" என்று போட்டுவிட்டார்கள். சீசனில் வருகிறவர்களில் பாதிப் பேர் வெளியூர், எப்படியும் புதுச் சீட்டுதான். இன்னொரு தடயம் ரிசப்ஷனில் இருக்கும் பொண்ணு சொன்னது: "சார், இன்னைக்கு நம்ம ஊர்ப் பேரை அடிச்சா எடுக்க மாட்டுக்கு. நீளமா இருக்குங்கு." யாரும் காதில் வாங்கவில்லை. அதற்குப் பின்னால் வருகிறேன்.

சாயங்காலம் ஆறரை மணி. பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அக்கா, ஐம்பது வயது தாண்டியவர். காலில் சீழ் வைத்து வீங்கி, குளிர் காய்ச்சல். ஜூனியர் திரையைப் பார்க்கிறார். பேர் இருக்கிறது, பிரஷர் மாத்திரை இருக்கிறது, கடைசியாக வந்தது 2020. ஒவ்வாமை என்ற கட்டத்தில் "இல்லை". செஃப்ட்ரையாக்சோன் ஊசி எழுதுகிறார். நியாயமான முடிவு.

மருந்தை எடுத்துக்கொண்டு போன சிஸ்டர் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார். "டாக்டர், இந்த அக்காவுக்குத்தான் முந்தின வருஷம் இதே ஊசிக்கு மூச்சு முட்டி, அட்ரினலின் போட்டுத் தென்காசிக்கு அனுப்புனோம்?"

2023 நவம்பரில் நடந்தது. கம்ப்யூட்டரில் சிவப்பு எழுத்தில் பதிந்திருக்கிறார்கள். ஆனால் திறந்திருந்தது 2021 பிப்ரவரி.

"டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்ப்பார்களே, அதில் தெரிந்திருக்குமே" என்று சிலர் நினைக்கலாம். ஏற்கெனவே அனஃபிலாக்சிஸ் வந்தவருக்கு அந்தத் துளி அளவே போதும், மறுபடி வருவதற்கு. அந்த அக்காவும் தானாகச் சொல்லவில்லை. "கம்ப்யூட்டர்ல ஏத்தியிருக்கு, இனிமே பயமில்லன்னு சொன்னாங்களே" என்றாராம் பிறகு. அவர் சொன்னதில் என்ன தப்பு?

ஒவ்வாமை மட்டுமில்லை. 2021-ல் 11 கிலோ இருந்த குழந்தை இப்போது 18 கிலோ. பழைய எடைக்கு மருந்து எழுதினால் காய்ச்சல் இறங்காது. போன வருஷம் கிட்னி பழுதானவருக்குத் திரையில் கிரியாட்டினின் அருமையாக இருக்கும். காலியான திரை டாக்டரைக் கேள்வி கேட்க வைக்கும். பழைய திரை அவர் வாயை மூடிவிடும்.

ஏழு மணிக்கு எனக்குப் போன் வந்தது. "அண்ணே, மூணு வருஷ டேட்டா மொத்தமாப் போயிட்டுண்ணே" என்றார் ஜூனியர், குரல் சரியில்லை. நான் லினக்ஸ் பைத்தியம் என்பது நண்பர்கள் வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். கீபோர்டில் உட்கார்ந்தது மருந்து ஸ்டோர் தம்பி. நான் சொல்லச் சொல்ல அவர் அடிக்க வேண்டும். அதனால்தான் இந்தப் பதிவில் கமாண்டுகளை எல்லாம் போனில் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். சூடோ என்றால் "சூடாவா சார்?" என்கிற கட்டத்தில் ஆரம்பித்தோம்.

முதலில் சொன்னது: யாரும் இனி எதையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டாம், பேப்பரில் எழுதுங்கள், ஒவ்வொருவரையும் வாயால் கேளுங்கள். இரண்டாவது: எதையும் அழிக்காதீர்கள், எதையும் ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். ரத்தம் கொட்டும்போது முதலில் கையை வைத்து அமுக்குவோம், அப்புறம்தான் எந்த நாளம் என்று தேடுவது.

அடுத்து லாக் ஃபைல். நோயாளியைத் தொடும் முன் ஹிஸ்டரி கேட்பது போல, சர்வரைத் தொடும் முன் லாக் வாசிக்க வேண்டும். மைஎஸ்க்யூஎல்-லின் எர்ரர் லாகில் கடைசி வரியை வாசிக்கச் சொன்னேன். "11.40-க்கு ஷட்டவுன் முடிஞ்சதுன்னு போட்டுருக்கு சார்." அதற்குப் பிறகு? "அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல சார்."

இங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் 11.40-க்குப் பிறகு அதன் டைரியில் ஒரு எழுத்து இல்லை. செத்தால் செத்தேன் என்று எழுதும், பிறந்தால் பிறந்தேன் என்று எழுதும். ஓடிக்கொண்டே எழுதாமல் இருக்கிறது என்றால் வேறு எங்கோ எழுதுகிறது. வேறு எங்கோ எழுதுகிறது என்றால், எங்கே எழுத வேண்டும் என்று சொல்லும் ஃபைலை அது வாசிக்கவில்லை.

"தம்பி, சூடோ மைஎஸ்க்யூஎல் அடிங்க. என்ன வருது?"

"வெல்கம்னு வருது சார்."

"அதுக்கு மேல?"

"மேல என்னமோ வார்னிங்னு ஒரு வரி இருக்கு சார்."

அந்த வரிதான். எல்லாரும் எழுதக்கூடிய கான்ஃபிக் ஃபைல், புறக்கணிக்கப்பட்டது. ஃபைல் பேரோடு போட்டிருக்கிறது. காலையிலிருந்து யார் உள்ளே நுழைந்திருந்தாலும் முதல் வரியாக அதைத்தான் காட்டியிருக்கும். லேப் ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் இருப்பதை மட்டும் பார்த்துவிட்டு ஓரத்தில் பொடியாக எழுதிய "மாதிரி உறைந்திருந்தது" என்பதை விட்டுவிடுவோமே, அந்த மாதிரி இடம்.

உறுதிப்படுத்த ஒரு கேள்வி போதும். செலக்ட், ஸ்பேஸ், அட் அட் டேட்டாடிர், செமிகோலன். "உன் டேட்டா எங்கே?" என்று சர்வரிடமே கேட்பது. பிறவி இடத்தைச் சொன்னது. இரண்டாவது டிஸ்கில் பார்க்கச் சொன்னேன். அங்கே எல்லா ஃபைலும் இருந்தன, கடைசியாக மாறிய நேரம் அன்று காலை 11.40.

"ஒண்ணும் போகல. பத்திரமா இருக்கு" என்றேன். ஜூனியர் பக்கத்தில் உட்கார்ந்த சத்தம் போனில் கேட்டது.

ஆனால் ஒரு வெடி இன்னும் மிச்சம். அந்த சர்வரில் தினமும் இரவு 11 மணிக்கு பேக்கப் எடுக்கும் ஏற்பாடு கிரானில் இருந்தது. நல்ல பழக்கம். ஒரே ஃபைலில், முந்தைய நாள் பேக்கப் மேலேயே எழுதும்படி வைத்திருந்தார்கள். அது கெட்ட பழக்கம். அன்று இரவு 11-க்கு, 2021-ன் காப்பி போய் ஞாயிற்றுக்கிழமையின் நல்ல பேக்கப்பை அழித்துவிட்டு உட்கார்ந்திருக்கும். அதை நிறுத்தக் கிரான் பட்டியலைத் திறக்கச் சொன்னேன். அது விஐ எடிட்டரில் திறந்துகொண்டது.

விஐ-யைப் பற்றி ஒரு வார்த்தை. 1976-ல் பில் ஜாய் பெர்க்லியில் மாணவராக இருந்தபோது எழுதியது. அந்தக் காலத்து மெதுவான டெர்மினல்களுக்காக, எலியும் மெனுவும் இல்லாமல் வேலை செய்யும்படி அமைத்தது. அதில் நுழைந்ததும் நீங்கள் அடிக்கும் எழுத்து, எழுத்தாக விழாது. ஒவ்வொன்றும் ஒரு கட்டளை. ஐ அமுக்கினால்தான் எழுத முடியும், எஸ்கேப் அமுக்கினால் மறுபடி கட்டளை நிலை. தெரியாதவர் உள்ளே போனால் வெளியே வரத் தெரியாமல் பெட்டியையே ஆஃப் பண்ணிவிடுவார். தம்பியும் அந்த நிலைக்கு வந்துவிட்டார். "எதை அமுக்கினாலும் வரி அழியுது சார்!"

இதை மட்டும் எல்லாரும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: எஸ்கேப், கோலன், க்யூ, ஆச்சரியக்குறி, என்டர். எதையும் சேமிக்காமல் வெளியே வந்துவிடலாம். எவ்வளவு குழப்பியிருந்தாலும் ஃபைல் பழையபடியே இருக்கும். வெளியே வந்ததும், நேனோ எடிட்டரில் திறக்கச் சொன்னேன். அதில் சாதாரணமாக அடிக்கலாம், கன்ட்ரோல் ஓ சேமிக்க, கன்ட்ரோல் எக்ஸ் வெளியேற, கீழேயே எழுதியிருக்கும். பேக்கப் வரிக்கு முன்னால் ஒரு ஹேஷ் குறி. அந்த வரி தூங்கிவிட்டது. மணி ஏழே முக்கால்.

(இடையில் ஒன்று. விஐ-யின் இன்றைய வடிவம் விம். 1991-ல் அதை வெளியிட்டவர் நெதர்லாந்துக்காரர் பிராம் மூலனார். உகாண்டாவில் எய்ட்ஸால் பெற்றோரை இழந்த குழந்தைகள் இருந்த கிபாலே என்ற ஊரில் தொண்டு செய்துவிட்டு வந்தவர். விம் இலவசம், பிடித்திருந்தால் அந்தக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று திறக்கும் திரையிலேயே கேட்டிருப்பார். 2023 ஆகஸ்டில் இறந்துபோனார். டாக்டர்கள் அவருக்கு ஒரு நன்றி சொல்லலாம்.)

பிறகு வரிசையாக. அன்று ஏற்றிய 63 பேரின் விவரத்தை பிரிண்ட் எடுத்தோம். மைஎஸ்க்யூஎல்-லை முறையாக நிறுத்தினோம். இரண்டு இடத்து டேட்டாவையும் வெளி ஹார்ட் டிஸ்கில் காப்பி செய்தோம், முக்கால் மணி நேரம் ஆனது. அவசரத்தில் எல்லாரும் தாண்டிப் போக நினைக்கும் படி இது. தாண்டாதீர்கள். அப்புறம் சிஹெச்மாட் 644. சூடோ நேனோ போட்டு ஃபைலைத் திறந்து, அந்த 1000-ஐ எடுத்துவிட்டு, சும்மா இருக்கும் இணைப்பை வெட்டும் நேரத்தை 600 விநாடியாக வைத்தோம். ஸ்டார்ட். மறுபடி அதே கேள்வி: உன் டேட்டா எங்கே? இரண்டாவது டிஸ்க் என்றது. அந்த அக்காவின் பேரைத் தட்டச் சொன்னேன். சிவப்பு எழுத்து வந்தது. பழைய இடத்தின் பேரை மாற்றி ஒதுக்கியாயிற்று, இனி யாரும் தெரியாமல் அங்கே போய் உட்கார முடியாது.

அந்த 63 பேரை மறுபடி ஏற்றுவது மறுநாள் பெரிய வேலையாகிவிட்டது. அவர்களுக்குக் கொடுத்த ஓ.பி. நம்பர் எல்லாம் 2021-லேயே வேறு யாருக்கோ கொடுத்தவை. லேப் டியூப்களில் அந்த நம்பர்தான் ஒட்டியிருந்தது. அப்படியே விட்டிருந்தால் ஒருவர் சர்க்கரை இன்னொருவர் கணக்கில் ஏறியிருக்கும். ஒவ்வொன்றாகப் பேர், வயது, ஊர் வைத்துச் சரிபார்த்தார்கள்.

ஊர் என்றதும்தான் ரிசப்ஷன் பொண்ணு சொன்னது ஞாபகம் வந்தது. நம் ஊர்ப் பேரை எடுக்க மாட்டுக்கு என்றாரே.

வீரகேரளம்புதூர். நாம் எண்ணினால் ஒன்பது எழுத்து. கம்ப்யூட்டர் எண்ணினால் பதினைந்து. யூனிகோடில் வீ என்பது வ ஒன்று, ஈகாரக் குறி ஒன்று, ஆக இரண்டு. புள்ளியும் தனி எழுத்துதான். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட், மொத்தம் 45. அந்த சாஃப்ட்வேரில் ஊருக்கு ஒதுக்கியிருந்த இடம் 12 எழுத்து. எழுதியவர் மதுரை, திருச்சி என்று கணக்குப் போட்டிருப்பார் போல. முழுப் பேரை அடித்தால் பன்னிரண்டோடு வெட்டி "வீரகேரளம்புத" என்று சேமிக்கும். ஸ்டாஃப் எல்லாரும் ஃபான்ட் கோளாறு என்று வருடக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

மைஎஸ்க்யூஎல் சாதாரணமாக இப்படிச் சத்தமில்லாமல் வெட்டாது, நீளம் அதிகம் என்று மறுத்துவிடும். சாஃப்ட்வேர் போட்டவர்கள் கான்ஃபிக் ஃபைலில் அந்தக் கண்டிப்பை அணைத்து வைத்திருந்தார்கள். அன்றைக்கு ஃபைல் செல்லாமல் போனதும் கண்டிப்பு திரும்பி வந்துவிட்டது. பொண்ணு அடித்த பேரை மறுத்தது. அவர் என்ன செய்தார்? "வீ.கே.புதூர்" என்று சுருக்கி அடித்தார். எண்ணிப் பாருங்கள், புள்ளிகளோடு சரியாகப் பன்னிரண்டு. ஏற்றுக்கொண்டது.

அதாவது கான்ஃபிக் ஃபைல் செத்துவிட்டது என்பதைக் காலையிலேயே முதலில் கண்டுபிடித்தவர் ரிசப்ஷன் பொண்ணு. வார்டில் ஆயாம்மா "இந்தப் பெரியவர் இன்னைக்கு ஒரு மாதிரி இருக்காரு டாக்டர்" என்பார்கள். அதைக் காதில் வாங்கும் டாக்டர்கள் பிழைத்துக்கொள்வார்கள்.

சுருக்கிய பேரிலும் வில்லங்கம் உண்டு. வி.கே.புரம் என்று இன்னொரு ஊர் இருக்கிறது. விக்கிரமசிங்கபுரம், பாபநாசம் பக்கம், அது திருநெல்வேலி மாவட்டம். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆகும்வரை இரண்டுமே ஒரே மாவட்டம்தான். பழைய பதிவுகளில் மாவட்டத்தைப் பார்த்தும் பிரிக்க முடியாது. அந்த 63 பேரில் இரண்டு பேருக்கு அவசரத்தில் ஊர் வி.கே.புரம் என்று ஏறியிருந்தது. ஒருவருக்கு டெங்கு சந்தேகம். டெங்கு உறுதியானால் சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும், அவர்கள் அந்த ஊருக்குப் போய்க் கொசுப்புழு தேடுவார்கள். ஊர் மாறினால் மருந்து ஒரு ஊரில் அடிப்பார்கள், கொசு இன்னொரு ஊரில் கடிக்கும். நல்லவேளை, அவருக்கு டெங்கு இல்லை.

இப்போது ஊருக்கான இடம் 60 எழுத்து. கையால் அடிக்காமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி மாற்றித் தரச் சொல்லியிருக்கிறோம். பேக்கப் ஒவ்வொரு நாளும் தனித் தேதியில் விழுகிறது. தினமும் காலை முதல் ஓ.பி. நம்பரை ரிசப்ஷனில் சுண்ணக்கட்டியால் போர்டில் எழுதுகிறார்கள். நேற்றைய நம்பரைவிடக் குறைந்தால் உடனே கத்த வேண்டும் என்று ஏற்பாடு.

உங்களுக்கு ஒரு வேலை. வீட்டில் யாருக்காவது மருந்து ஒவ்வாமை இருந்தால், மருந்தின் பேரை (கம்பெனிப் பேர் வேண்டாம், மருந்தின் பேர்), எந்த வருஷம், என்ன ஆனது என்று ஒரு அட்டையில் எழுதி ஆதார் கார்டோடு பர்ஸில் வையுங்கள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று அவர்களே சொன்னாலும், எடுத்துக் காட்டுங்கள். அந்த அக்காவுக்கு சிஸ்டரே எழுதிக் கொடுத்து, லேமினேட் பண்ணி, மணிபர்ஸில் வைத்து அனுப்பியிருக்கிறார்.

சாஃப்ட்வேர் விற்றவர்கள் இணைப்பை மூடாத கோளாறை இன்னும் சரிசெய்யவில்லை. "அடுத்த வெர்ஷன்ல வந்துரும் டாக்டர்" என்கிறார்களாம். அதுவரை தம்பி தினமும் மதியம் சாப்பிடப் போகும் முன் எத்தனை இணைப்பு தூங்குகிறது என்று எண்ணி எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். இன்றைக்கு 14.